ரங்கூன் மாமா நலமாக இருக்கிறார்

1

யாங்கூனில் மின்சாரம் போனால் ஜனங்கள் இரண்டு பேரை நினைக்கிறார்கள். ஒன்று கடவுள், இன்னொன்று நான். கடவுள் வர நேரமாகும். நான் லாரியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு அரை மணியில் வந்து நிற்பேன்.

பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த உரிமை இருக்கிறது. மூன்றாம் வகுப்பு வரை படித்தவன், அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியே நின்றவன். ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் என்ற ஊர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். லாரிப் பட்டறையில் எண்ணெய்த் துணி அலசினேன். மற்றவர்கள் செத்துப்போய்விட்டது என்று ஒதுக்கிய மோட்டார்களை வாங்கி ஓட வைத்தேன். இன்றைக்குக் கல்யாணம், காதுகுத்து, பிக்குகளுக்கு நடக்கும் அன்னதானம், ஷ்வேப்யிதா பக்கத்துத் தையல் ஆலை, எல்லாவற்றுக்கும் என் மெஷின்தான் போகிறது. பர்மியர்கள் என்னை ‘ஊ வீரா’ என்பார்கள். பெயருக்கு முன்னால் ஊ போடுவது சிலருக்கு வயதுக்காக, சிலருக்கு மரியாதைக்காக. எனக்கு இரண்டுக்கும் போடுகிறார்கள்.

தமிழ் எழுத்து கோவில் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் வந்தது. மிச்சத்தை மளிகைக் கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்த பழைய பத்திரிகைக் காகிதத்தில் கற்றுக்கொண்டேன். பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். என் வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மகன் முருகேசன் நன்றாகப் பேசுவான், வாசிக்க மாட்டான். மருமகள் தனம் கியாக்தான் என்ற ஊர்க்காரி, அவளும் அப்படியே. பேத்தி மீனா தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்வாள், பதிலைப் பர்மியத்தில் சொல்வாள். முன்பு இதைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தபோது இது ஒரு வசதியாகத் தெரிந்தது. ஏன் வசதி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2

என் தம்பி சிவலிங்கம் தமிழ்நாட்டில், உங்கள் பக்கத்தில்தான் இருந்தான். பட்டுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்.

நான் பிறந்தது அந்த ஊரில், கைக்குழந்தையாக இங்கே வந்தேன். அவன் பிறந்தது தன்லியினில். இங்கே கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலத்தில் எங்கள் அப்பா, அம்மாவையும் தம்பியையும் கப்பலேற்றி அனுப்பினார். மூட்டை தூக்க ஆகிற வயது வந்துவிட்டதால் என்னைக் கூட வைத்துக்கொண்டார். “நாமளும் பின்னாலயே போயிடலாம்டா” என்றார். போகவில்லை. இப்படி அங்கே பிறந்தவன் இங்கேயும், இங்கே பிறந்தவன் அங்கேயும் தங்கிப்போனோம்.

அதற்குப் பிறகு தம்பியை நேரில் பார்த்தது மொத்தம் மூன்று முறை. மற்றபடி அவன் எனக்கு ஒரு குரல்தான். வருடா வருடம் ஆடி அமாவாசையன்று அவன் ஊர்க் குளத்தில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுவான், நான் இங்கே பகோ ஆற்றில் விடுவேன். கரையேறியதும் போன்.

“முடிஞ்சுதாண்ணே?”

“முடிஞ்சுது. ஒனக்கு?”

“முடிஞ்சுது. சாப்டியா?”

“இனிமேதான்.”

அவ்வளவுதான் பேச்சு. அதற்குமேல் பேச எங்களிடம் விஷயம் கிடையாது. என் மெஷின்களைப் பற்றிச் சொன்னால் அவனுக்குப் புரியாது, அவன் வயலைப் பற்றிச் சொன்னால் எனக்குப் புரியாது. ஆனால் அந்த நாலு வார்த்தை ஒரு வருடம்கூட விட்டுப்போனதில்லை, போன வருடம் தவிர.

போன வருடம் ஆடியில் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நெஞ்சில் அடைப்பு, ரத்தக்குழாயில் கம்பிச்சுருள் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என் மகனைத் தனியாக அழைத்து, ஆறேழு மாதத்துக்கு இவருக்கு அதிர்ச்சியான செய்தி எதுவும் போகக்கூடாது என்றாராம். இதை முருகேசனே என்னிடம் சொன்னான். அப்புறம் ஒரு நாள், சித்தப்பாவுக்கும் உடம்பு சரியில்லையாம், தொண்டையில் ஆபரேஷனாம், பேசவே கூடாதாம் என்றான். அண்ணனுக்கு நெஞ்சு, தம்பிக்குத் தொண்டை, ஜோடி சரிதான் என்று நான் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

அதிலிருந்து வாரம் ஒரு தடவை எனக்குச் செய்தி வரும். “சித்தப்பா விசாரிச்சாங்க. நல்லா இருக்காங்களாம்.”

3

இப்போது நாடகத்துக்கு வருகிறேன்.

மீனா நகரத்துக்குள் ஒரு இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறாள். பாங்காக்கில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருக்கிறது, இந்த மழைக்காலம் முடிந்ததும் கிளம்புகிறாள். இங்கே இளவட்டம் எல்லாம் அப்படித்தான், தெருவுக்குத் தெரு கிளம்பிக்கொண்டிருக்கிறது. அவளுடைய பாஸ்போர்ட்டுக்கு முருகேசனோடு நானும் நாலு ஆபீஸ் ஏறி இறங்கினேன். ஒரு ஆபீஸில் நல்ல பெண் அதிகாரி, எனக்கு நாற்காலி போட்டுக்கொடுத்து, “இந்தியாவில் நெருங்கிய உறவு யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டாள். “தம்பி இருக்கான்” என்றேன். முருகேசன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, ஒரு சுவர்தான்.

வகுப்பு முடிகிறபோது பிள்ளைகள் நாடகம் போடுவார்களாம். இந்த வருடம் விக்டோரியா ராணி காலத்து இங்கிலீஷ்காரர்களின் சிரிப்பு நாடகம். நாடகத்தின் பெயர் என் வாயில் நுழையவில்லை. மீனாவுக்கு ஒரு கிழட்டுச் சீமாட்டி வேஷம், கையில் விசிறி. இரண்டு மாதம் எங்கள் கூடத்தில் அந்த விசிறிதான் பறந்தது. எப்படி உட்கார வேண்டும், தேநீர்க் கோப்பையை எந்த விரலில் பிடிக்க வேண்டும், விருந்தாளி அபத்தமாக ஏதாவது சொன்னால் விசிறியை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் டீச்சர் முறை சொல்லிக்கொடுத்திருந்தாள். நான்தான் அவளுக்கு விருந்தாளி. லுங்கியைக் கட்டிக்கொண்டு நாற்பது தடவை குனிந்து வணக்கம் சொல்லியிருப்பேன்.

கதையை அவளிடம் கேட்டேன். பாதி பர்மியம், பாதி தமிழில் சொன்னாள்.

லண்டனில் ஒரு வாலிபன். பெரிய வீட்டில் பெண் கேட்க வேண்டும், சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அதனால் ரங்கூனில், அதாவது எங்கள் இதே யாங்கூனில், தனக்கு ஒரு பணக்கார மாமா இருப்பதாகச் சொல்லிவிடுகிறான். தேக்கு வியாபாரமாம், யானை மேல் ஏறித்தான் ஆபீஸுக்குப் போவாராம். அப்படி யாரும் கிடையாது. பெண்ணின் அம்மாவாகிய அந்தச் சீமாட்டி கப்பல் கம்பெனியில் ரகசியமாக விசாரித்து, பொய் என்று முதலிலேயே தெரிந்துகொள்கிறாள். ஆனால் “பொய்” என்று அவனிடம் சொன்னால், தான் வேவு பார்த்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். அது மரியாதைக் குறைவு. அதனால் அவளும், “உங்கள் மாமா நலமா?” என்று தினம் கேட்கிறாள். அவனும், நலம் என்கிறான். வீட்டுக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவராகத் தெரிந்துகொள்கிறார்கள். ஒருவரும் சொல்வதில்லை.

“ஏன் சொல்லல?” என்றேன்.

“ஆனாடெ, தாத்தா” என்றாள்.

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். பர்மாக்காரர்களின் பாதி வாழ்க்கை இந்தச் சொல்லில் இருக்கிறது. அடுத்தவர் மனம் சங்கடப்படுமே, முகம் சுருங்குமே என்று நாம் பின்வாங்குகிறோம் அல்லவா, அதுதான் ஆனாடெ. பசியோடு ஒரு வீட்டுக்குப் போவான், சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்பான். வீட்டுக்காரனுக்கு அது பொய் என்று தெரியும். தெரிந்துகொண்டே, கொஞ்சம் ருசி பாருங்கள் என்று தட்டை வைப்பான். இவனும் ருசி பார்ப்பதாகச் சொல்லி முழுத்தட்டையும் சாப்பிடுவான். இரண்டு பேரும் பொய் சொன்னார்கள், இரண்டு பேருக்கும் குறையில்லை. இங்கே வளர்ந்த தமிழனும் இப்படித்தான். இந்த ஊர்ப் பழக்கம் விக்டோரியா ராணி வீட்டிலும் இருந்தது எனக்குப் புதுச் செய்தி.

4

நாடகத்துக்கு ஜெனரேட்டர் என்னுடையது. வாடகை வாங்கவில்லை. அதனால் முதல் வரிசையில் நடு நாற்காலி. என் மெஷின் இல்லாவிட்டால் அந்த லண்டன் வீடு முழுக்க இருட்டில்தான் கிடந்திருக்கும். இப்போதெல்லாம் நாட்டு நிலவரம் சரியில்லை, இருட்டுவதற்குள் எல்லாரும் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதால் மதியமே ஆரம்பித்தார்கள்.

பக்கத்தில் என் சிநேகிதன் காசிம் பாய். கப்பல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். எனக்கு வார்த்தைக்கு வார்த்தை சொல்வதற்காகவே அழைத்துப் போயிருந்தேன். முருகேசனும் தனமும் வரவில்லை, கடையில் வேலை என்றார்கள்.

“மொதலாளி, ஒங்க மெஷின் சத்தத்துல ராணி காலத்துப் பேச்சே கேக்கல” என்றார் காசிம் பாய்.

“அது சத்தமில்ல பாய், சுதி. கேளுங்க, எப்படி ஒரே சீரா ஓடுதுன்னு.”

“ஆமா, ஒங்களுக்கு அதுதான் கச்சேரி. மேடையைப் பாருங்க, பேத்தி வருது.”

மீனா வந்தாள். தலையில் வெள்ளை மாவு, கழுத்து வரை மூடிய கவுன். அவள் நடந்த நடையில் எனக்கு என் பேத்தியைக் காணவில்லை. வாலிபன் வந்து குனிந்தான். யானை மேல் ஆபீஸுக்குப் போகிற விஷயத்தைச் சொன்னபோது அரங்கமே சிரித்தது. ரங்கூன்காரர்களிடமே ரங்கூனைப் பற்றிப் பொய் சொன்னால் சிரிக்க மாட்டார்களா? நானும் சிரித்தேன்.

“மாமாங்கறானே, தாய்மாமனா பாய்?”

“மாமான்னு வச்சுக்குங்க, சித்தப்பான்னு வச்சுக்குங்க. வெள்ளக்காரனுக்கு எல்லாத்துக்கும் ஒரே பேருதான்.”

அடுத்து தேநீர்க் காட்சி. நாலு விருந்தாளிகள். வருகிற ஒவ்வொருவரும் மாமாவை விசாரிக்கிறார்கள். வாலிபனுக்கு வாய் அடைத்துப் போகிறது, எவ்வளவுதான் சொல்வான்? அப்போது சீமாட்டி விசிறியை மடக்கிவிட்டு அவனுக்காகத் தானே பதில் சொல்கிறாள். பொய்யன் திணறுவதைப் பார்க்கச் சகிக்காமல் பொய்யை அவள் தூக்கிக்கொள்கிறாள். நல்ல இடம் அது. மீனா முன்னால் வந்து நின்று ஏதோ சொன்னாள்.

காசிம் பாய் என் காதில் சொன்னார். “அவருக்கு ஒடம்பு பரவால்லியாம். ராத்திரி நல்லாத் தூங்கினாராம். கொஞ்சம் கஞ்சி குடிச்சாராம்.”

அரங்கம் சிரித்தது. நான் காசிம் பாயைத் திரும்பிப் பார்த்தேன்.

“கஞ்சின்னா சொல்றா?”

“கஞ்சிதான். அவங்க ஊரு கஞ்சி.”

மறுபடி மேடையைப் பார்த்தேன். மீனா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் அவள் முகத்தில் இருந்தது, என் முகத்திலும் கொஞ்சம் விழுந்திருக்கும். அடுத்த வரி அவளுக்கு வரவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர் எடுத்துக்கொடுத்தாள். வரவில்லை. இரண்டாம் முறை கொஞ்சம் உரக்க எடுத்துக்கொடுத்தாள். அப்புறம் வந்தது.

5

இரண்டு மாதமாக வீட்டில் எனக்குத் தம்பியைப் பற்றிய செய்தி சொல்வது மீனாவின் வேலையாகியிருந்தது. அப்பாவுக்கு வேலை அதிகம், அதனால் நான் சொல்கிறேன் என்றாள். மரியாதைச் சொல் அவளுக்குச் சரியாக வராது.

“தாத்தா, சின்னத் தாத்தா நல்லாத் தூங்கினான். கொஞ்சம் கஞ்சி குடிச்சான்.”

“குடிச்சாருன்னு சொல்லணும்டி” என்று திருத்துவேன். திருத்துகிற அவசரத்தில் செய்தியை யோசித்ததில்லை. வாரா வாரம் அதே தூக்கம், அதே கஞ்சி.

எங்கேயும் இல்லாத ஒருவரின் உடல்நிலையை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. அதையே எனக்கும் சொல்லியிருக்கிறாள். வேறு வார்த்தைக்குப் பிள்ளை எங்கே போகும்?

இடைவேளையில் காசிம் பாய் தேநீர் வாங்கப் போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொன்றாக வந்தது. நான் வரவழைக்கவில்லை, அதுவாக வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஒரு விடியற்காலை. அடைமழை. முருகேசன், தனம், மீனா மூன்று பேரும் தலை சொட்டச் சொட்டக் கூடத்துக்குள் வந்தார்கள். எங்கள் ஆட்களில் சாவுச் செய்தி காதில் விழுந்தால் உடுத்திய துணியோடு தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவது. “என்ன, எல்லாரும் ஒண்ணா முழுகியிருக்கீங்க?” என்று படுக்கையிலிருந்து கேட்டேன். “தண்ணி மோட்டார் ரிப்பேராகி இப்பத்தான் வந்துச்சு மாமா, அதான் இருக்கப்பவே குளிச்சிட்டோம்” என்றாள் தனம். மோட்டார் ரிப்பேர் என்றால் என்னிடம் சொல்லாமல் இருப்பார்களா என்று நினைத்தேன். மருந்து மயக்கம், தூங்கிப்போனேன்.

தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. கேஸ் கிடைக்கவில்லை என்றாள். பொங்கலுக்குப் பானை ஏற்றவில்லை. கை சுளுக்கு என்றாள், எண்ணெய்த் துணிகூடச் சுற்றியிருந்தாள். காளியம்மன் கோவில் திருவிழாவுக்கு என்னை விடவில்லை. கூட்டம் நெஞ்சுக்கு ஆகாது என்றார்கள். அவர்களும் போகவில்லை.

என்னிடம் ஒரு வருடம் பொய் சொல்ல முடிந்தது. ஆனால் சாமியிடம் சொல்ல முடியவில்லை. துக்க வீட்டில் பண்டிகை கூடாது என்பதை மட்டும் விடாமல், எனக்குத் தெரியாமல், ஒரு வருடம் முழுக்க என் தம்பிக்குத் துக்கம் காத்திருக்கிறார்கள். நான் மட்டும்தான் காக்கவில்லை.

தேநீர் வந்தது. குடித்தேன். சர்க்கரை இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

“என்னா மொதலாளி, மெஷின் நிக்குதா?” என்றார் காசிம் பாய், என் முகத்தைப் பார்த்து.

“ஓடுது பாய்.”

உண்மையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. சுமை கொடுக்காமல் மெஷினை ஓட விட்டால் சத்தம் மட்டும் வரும், வேலை ஒன்றும் நடக்காது. அன்று மீதி நேரம் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. நெஞ்சு வலிக்கும் என்று கையை வைத்துப் பார்த்தேன், வலிக்கவில்லை. டாக்டர் இத்தனை பயந்திருக்க வேண்டாம்.

நாடகத்தின் கடைசியில் எல்லாரும் எழுந்து நின்று கோப்பையை உயர்த்துகிறார்கள். ரங்கூன் மாமாவின் ஆரோக்கியத்துக்காகக் குடிக்கிறார்கள். அப்படி ஒருவர் இல்லை என்று தெரியாத ஆள் அந்த மேடையில் ஒருவரும் கிடையாது. வாலிபனுக்கும் தெரியும், அவர்களுக்குத் தெரியும் என்று. திரை விழுந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

6

டாக்ஸியில் காசிம் பாயை அவர் தெருவில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் முன்வாசலில் லாரி கழுவுவதற்காக ஒரு தொட்டி இருக்கிறது. படியேறவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டை லுங்கியோடு தொட்டியருகே நின்று, கிண்ணத்தால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டேன்.

சத்தம் கேட்டுத் தனம் வெளியே வந்தாள். கடையில் வேலை என்று சொன்னவள் வீட்டில்தான் இருந்திருக்கிறாள்.

“மாமா!”

“புழுக்கம் தாங்கல தனம்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். அவள் தோளிலும் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

“ஆமா மாமா” என்றாள். “இன்னிக்கு ரொம்பத்தான் புழுக்கம்.”

உள்ளே போய் ஒரு கெட்டில் வெந்நீர் கொண்டுவந்து வாளியில் கலந்து வைத்தாள். போய்விட்டு மறுபடி வந்தாள். லுங்கி கொண்டுவரவில்லை, பெட்டியில் மடித்து வைத்திருந்த வேட்டியை எடுத்து வந்தாள். நான் துவட்டி முடிக்கிறவரை முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். ஈரத் துணியை மற்றத் துணிகளோடு சேர்க்காமல், தனியாக அலசித் தனிக் கொடியில் போட்டாள்.

எனக்கு அவளிடம் இரண்டு கேள்வி இருந்தது. என்றைக்கு? எப்படி? கேட்கவில்லை. கேட்டால் அவள் ஒரு வருடப் பொய்க்கு என் காலில் விழ வேண்டும். சுளுக்காத கையில் எண்ணெய்த் துணி சுற்றியவளை எப்படி விழ வைப்பது?

மீனா மாவுத் தலையோடு வந்து சேர்ந்தாள். என் நாற்காலிக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். என் வேட்டியைப் பார்த்தாள், தனிக் கொடியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் விசிறியைத் திறந்து திறந்து மூடினாள்.

“தாத்தா, நாடகம் நல்லா இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“நடுவுல மறந்துட்டேன்.”

“அப்படியா? யாரும் கவனிக்கலியே.”

அவள் தலையை என் முழங்காலில் வைத்துக்கொண்டாள். வேட்டியெல்லாம் மாவு.

7

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லி, எல்லாரும் சேர்ந்து ஒரு மூச்சு அழுதுவிட்டுப் போயிருக்கலாமே என்று ஊரில் இருப்பவர்கள் நினைப்பீர்கள். அங்கே சாவு என்றால் தெருவே வந்து கட்டிக்கொண்டு அழும். எங்கள் தெருவில் பக்கத்து வீட்டுப் பர்மியர் வந்து, முகத்தில் ஒரு சிரிப்போடு, சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். அதுவும் துக்கம் கேட்பதுதான்.

மீனா கிளம்பப் போகிறாள். என் பேத்தி பாங்காக்கில் ஏதோ ஒரு கிழவருக்குக் கஞ்சி ஊட்டும்போது, தாத்தாவை ஏமாற்றினோமே என்று நினைத்துக்கொண்டு ஊட்டக்கூடாது. அவள் எனக்கு நல்லதுதான் செய்தாள். அப்படியே இருக்கட்டும். என் கவலையெல்லாம் வேறு ஒன்று. கூடப் பிறந்தவனுக்கு ஒரு கை தண்ணீர் நான் இன்னும் விடவில்லை. ஆடி அமாவாசை வந்துகொண்டிருந்தது. ஆற்றங்கரையில் பூசாரி பெயர் கேட்பார். முருகேசன் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்பான். தம்பி பெயரைச் சொன்னால் அவர்கள் கட்டிய வீடு இடியும். சொல்லாவிட்டால் அவனுக்குத் தண்ணீர் இல்லை.

தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் இல்லாத வீடு ஒரு வசதி என்று சொன்னேனே, இதற்குத்தான். பட்டுக்கோட்டைப் பக்கம் யாராவது இதைப் படித்து, எந்தச் சிவலிங்கம் என்று தெரிந்துகொண்டால், தயவுசெய்து என் வீட்டுக்குப் போன் போட்டு, பெரியவருக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள்.

8

அமாவாசையன்று விடிந்ததும் தன்லியின் பாலத்தைத் தாண்டிப் போனோம். ஆறு கலங்கலாக, கரை நிரம்ப ஓடியது. பாலத்தின் மேல் தொழிற்சாலை பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மழை விடவில்லை. நான் படியில் உட்கார்ந்தேன். முருகேசன் எனக்குப் பின்னால் குடையோடு நின்றான்.

பூசாரி அவசரக்காரர், இன்னும் பல பேர் காத்திருந்தார்கள். அப்பா பெயர் கேட்டார், சொன்னேன். தாத்தா, அவர் அப்பா. அம்மா பெயர். என் மனைவி பெயர். எள்ளும் தண்ணீரும் விரல் வழியாக இறங்கின.

“வேற யாரு பேராவது இருக்கா ஊ வீரா?”

வாய் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மேடையில் மீனாவுக்கு ஆன மாதிரி ஆகிவிட்டது. எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை.

“அப்பா” என்றான் முருகேசன். “போன் வருதுப்பா. அந்தாண்ட போய்ப் பேசிட்டு வந்துடறேன். குடைய நீங்க புடிங்க.”

திரும்பிப் பார்த்தேன். போன் அவன் கையில் இருந்தது. மணி அடிக்கவில்லை. அதன் கண்ணாடி இருட்டாக இருந்தது. குடையை என் கையில் கொடுத்துவிட்டு, பாலத்தின் அடியில் தூணுக்கு அந்தப் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். காதில் போனை வைத்துக்கொண்டான்.

அவனுக்கும் தெரியும். தனம் சொல்லியிருப்பாள், அல்லது அந்தத் தனிக் கொடியை அவனே பார்த்திருப்பான்.

“சிவலிங்கம்” என்றேன்.

“என்ன ஒறவு?”

“தம்பி. கூடப் பொறந்தவன்.”

பூசாரி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு என் குடும்பம் தெரியும். தூணுக்குப் பின்னால் நின்றவனையும் பார்த்தார். என் உள்ளங்கையில் எள்ளை வைத்தார். இரண்டு கையும் வேண்டியிருந்தது. குடையைப் படியில் வைத்துவிட்டேன். காற்று அதைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போனது. தண்ணீர் விட்டேன். ஒரு தடவைக்கு மூன்று தடவையாக விட்டேன். தாமதமாக வந்தவனுக்கு அதிகம் விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கே தோன்றியது.

எழுந்தபோது முருகேசன் குடையை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். இரண்டு பேரும் நன்றாக நனைந்திருந்தோம். அவன் கண் சிவந்திருந்தது. மழை என்று இருவரும் வைத்துக்கொண்டோம்.

“யாரு போன்ல?” என்றேன்.

அவன் போனைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டான்.

“சித்தப்பாதாம்ப்பா. முடிஞ்சுதான்னு கேட்டாங்க.”

தொண்டை ஆபரேஷனை அவன் மறந்துவிட்டான். நான் ஞாபகப்படுத்தவில்லை.

“முடிஞ்சுதுன்னு சொல்லு” என்றேன். “சாப்டானான்னு கேளு.”

“கேட்டேன்ப்பா” என்றான், குடையை என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு. “நல்லாத் தூங்கினாங்களாம். கொஞ்சம் கஞ்சி குடிச்சாங்களாம்.”

“நல்லது” என்றேன். லாரியில் ஏறிக்கொண்டோம்.